கடலுக்கு ஈடாக எதை நடுவது?

ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும். இந்த வாக்கியம் நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியும். ரோடு அகலமாகும்போது புளியமரங்கள் போகும், பேப்பரில் இந்த வாக்கியம் வரும். கன்றுகளை எங்கே நட்டார்கள், எத்தனை பிழைத்தன என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கணும்: அந்தக் கணக்குக்கு ஒரு அலகு இருக்கிறது. மரம். நின்றதை எண்ணலாம், வெட்டியதை எண்ணலாம், நட்டதையும் எண்ணலாம். ஏமாற்றினால் ஏமாற்றினார்கள் என்று நிரூபிக்கவாவது முடியும்.

அதே வாக்கியத்தைக் கொண்டுபோய்க் கடலில் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் குறிப்பு. கடலில் ஒன்றை அழித்தால் அதற்குப் பதிலாக எதை, எங்கே, யாருக்காக வைப்பது? உலகம் முழுக்க இதை 'ஆஃப்செட்' என்கிறார்கள். 'பல்லுயிர் ஈடு' என்று தமிழில் சொல்லிக்கொள்கிறேன். ஈட்டுப் பத்திரம், ஈடு வைப்பது என்று நமக்குப் பழக்கமான சொல்தானே.

விழுப்புரம், திண்டிவனம் ஆட்களிடம் கடல் என்றால் உடனே பாண்டிச்சேரி என்பார்கள். நம்ம மாவட்டத்துக்கே கடற்கரை இருக்கிறது என்பது பலருக்கு ஞாபகத்தில் இருப்பதில்லை. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், அப்புறம் நடுவில் புதுச்சேரியின் காலாப்பட்டுப் பகுதியைத் தாண்டி வடக்கே மரக்காணம், அழகன்குப்பம் வரைக்கும். உதாரணம் தேடி நான் ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை. திண்டிவனத்தில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்திலேயே இருக்கிறது.

முதலில் இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் சதுப்பு நிலங்களை மண் போட்டு மூடிக்கொண்டே போனார்கள். 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் அதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்றது. 1980களின் கடைசியில், மூத்த ஜார்ஜ் புஷ் காலத்தில், 'நிகர இழப்பு இல்லை' என்பது அரசின் கொள்கையாகவே ஆனது. அதாவது இங்கே ஒரு ஏக்கர் சதுப்பு போனால் வேறு எங்கோ ஒரு ஏக்கர் உருவாக வேண்டும். அப்புறம் இது மற்ற நாடுகளுக்குப் பரவியது. உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. 2012இல் தன் கடன் நிபந்தனைகளிலேயே இதைச் சேர்த்தது.

இதில் ஒரு படிவரிசை உண்டு. முதலில் தவிர். தவிர்க்க முடியாததைக் குறை. குறைத்தபின் கெட்டதை அதே இடத்தில் சீர்செய். இவ்வளவும் செய்தபின் மிச்சம் நிற்கும் இழப்புக்கு மட்டும் வேறு இடத்தில் ஈடு. ஈடு என்பது நாலாவது படி, கடைசிப் படி. நடைமுறையில் பெரும்பாலும் மேலே இருந்து மூன்று படியையும் ஒரே தாவலில் தாண்டி நேரே அங்கே போய் நிற்பதுதான் நடக்கிறது. திட்ட அறிக்கைகளை வாசிக்கும் பழக்கம் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். 'மாற்று இடங்கள் ஆய்வு' என்ற அத்தியாயம் ரெண்டு பக்கம் இருக்கும், 'பசுமை வளையம்' என்ற அத்தியாயம் இருபது பக்கம் இருக்கும்.

இந்தியாவில் ஈடு என்பது காட்டில் இருந்து தொடங்கியது. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு 1995இல் கூடலூர்க் காடுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் போனது. நீலகிரிக் காட்டில் மரம் வெட்டுவதைப் பற்றிய வழக்கு கடைசியில் நாடு முழுக்க உள்ள காட்டுக்கான வழக்காக ஆகிவிட்டது. அதன் வழியாக 2002இல் 'நிகர நிகழ்கால மதிப்பு' என்ற ஒன்று வந்தது. சுருக்கமாக என்.பி.வி. காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுத்தால் மாற்று நிலத்தில் மரம் நடுவதோடு, அந்தக் காடு தரும் பலன்களுக்கு ஒரு விலையும் கட்ட வேண்டும். 2008 மார்ச்சில் நீதிமன்றம் விகிதங்களை நிர்ணயித்தது: காட்டு வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டேருக்கு 4.38 லட்சம் ரூபாய் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை. 2022 ஜனவரியில் இதைச் சுமார் ஒன்றரை மடங்கு ஆக்கினார்கள்.

இந்தத் தரைக் கணக்கே எப்படி நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி போதும். தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2013இல் கொடுத்த அறிக்கைப்படி, 2006 முதல் 2012 வரை காட்டுக்குப் பதிலாக வந்திருக்க வேண்டிய நிலம் 1,03,381 ஹெக்டேர். வந்தது 28,086. அதில் உண்மையில் மரம் நட்டது சுமார் 7,281 ஹெக்டேர். நூற்றுக்கு ஏழு. நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய, சர்வே நம்பர் இருக்கிற நிலத்திலேயே இந்த நிலை.

சரி, கடல்?

அதே 2008 ஆணையில் கடலைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. முதல் தடவை வாசித்தபோது திரும்பவும் ஒரு தடவை வாசித்தேன். கடல்சார் தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் உள்ளே வரும் வனமல்லாத பரப்பைப் பயன்படுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும்? பக்கத்தில் இருக்கும் காட்டுக்கு என்ன என்.பி.வி.யோ, அதைப் போல ஐந்து மடங்கு.

மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்வோம். 1986இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்கா, 21 தீவுகள், சுமார் 560 சதுர கிலோமீட்டர். பவளத்திட்டு, கடற்புல், கடல் அட்டை, ஆவுளியா எல்லாம் இருக்கிற இடம். அதன் கரையில் ராமநாதபுரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பக்கத்துக் காடு என்றால் முள்காடு. முள்காடு அந்தப் பட்டியலில் நாலாவது வகுப்பு. அதிலேயே அடர்த்தி குறைந்ததற்குத்தான் ஹெக்டேருக்கு 4.38 லட்சம், பட்டியலின் அடிமட்ட விலை. ஐந்தால் பெருக்கினால் 21.9 லட்சம். ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரம் சதுர மீட்டர். ஆக ஒரு சதுர மீட்டர் பவளத்திட்டு 219 ரூபாய். 2022 உயர்வைச் சேர்த்தால் முந்நூத்திச் சொச்சம். வீட்டுக்கு டைல்ஸ் போட அதைவிட அதிகம் ஆகும்.

பணத்தைக் கட்டினால் போதும், உள்ளே போய்விடலாம் என்று அர்த்தமில்லை. தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் போன்ற தடைகள் தனியாக இருக்கின்றன. விலை குறைச்சல் என்பதுகூட என் புகார் இல்லை. பவளத்தின் விலை முள்மரத்தின் அடர்த்தியில் இருந்து வருகிறது, அதுதான் உறுத்துகிறது. கரையில் காடு கொஞ்சம் அடர்த்தியாக இருந்தால் கடலுக்கு அடியில் இருக்கும் பவளத்தின் விலை ஏறும். கரையில் மாடு மேய்ந்து காடு மெலிந்தால் பவளம் மலிவாகும்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: டைப் கன்வர்ஷன். தசம எண்ணை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் கம்ப்யூட்டர் மாற்றிக் கொடுத்துவிடும். 7.9 என்பது 7 ஆகிவிடும். எர்ரர் வராது, வார்னிங்கூட வராமல் போகலாம். 0.9 எங்கே போச்சு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஈட்டுக் கணக்கு முழுக்க இப்படிப்பட்ட கன்வர்ஷன்தான். தரையில் தசமம் கொஞ்சம் போகும். கடலில் முழு எண்ணே போய்விடும், மிச்சம் இருப்பது தசமம் மட்டும்.

இங்கே நம்ம ஊர் விஷயம் ஒன்று, கடலை விட்டுக் கொஞ்சம் விலகித்தான். அந்த நாலாவது வகுப்பில் முள்காட்டோடு சேர்த்து வைத்திருப்பது எதை தெரியுமா? வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டை. மரக்காணம் பக்கத்தில் குரும்புரம் காப்புக்காடு இருக்கிறதே, அந்த வகைக் காடு. சோழமண்டலக் கரையோரத்தில் துண்டு துண்டாக, பாதி கோயில் காடுகளாக மிஞ்சியிருக்கிறது. அபூர்வமான காடு, கணக்கில் மலிவான காடு. தரைக் கணக்கின் தசமம் எங்கே போகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வெளியே இருக்கிற கடலுக்கு அந்த 219 ரூபாயும் கிடையாது. கடல் காடு இல்லை, அதனால் என்.பி.வி. இல்லை. அங்கே வருவது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, எல்லாரும் சி.ஆர்.இசட். என்று சொல்வது. 2019 ஜனவரியில் வந்த அறிவிக்கையில் மிகவும் நுட்பமான இடங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அலையாத்தி, பவளம், மணல்மேடு, உயிருள்ள சேற்றுப்பரப்பு, உப்புச் சதுப்பு, ஆமை முட்டையிடும் கரை, கடற்புல், பறவைகள் கூடு கட்டும் இடம் என்று நல்ல பட்டியல்தான். ஆனால் ஈடு என்று எண் போட்டுச் சொல்லியிருப்பது அலையாத்திக்கு மட்டும். அப்படிப்பட்ட இடத்தில் தவிர்க்க முடியாமல் சாலை போட்டு அலையாத்தி அழிந்தால், அழிந்ததைப் போல மூன்று மடங்கு வேறு இடத்தில் நட வேண்டும். ஏன் அலையாத்திக்கு மட்டும்? அது மரம், நடலாம், எண்ணலாம். தரையில் பழகின அதே கை கடலோரத்திலும் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்கிறது. மணலுக்கு எண் இல்லை. சேற்றுக்கு எண் இல்லை. அதெல்லாம் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளில், 'தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற வாக்கியத்துக்குள் போய்விடுகிறது.

மணலை வைத்தே பார்ப்போம், ஏனென்றால் இது நம்ம கரையிலேயே நடந்த கதை.

கிழக்குக் கடற்கரையில் மணல் நிற்பதில்லை, நடக்கிறது. மார்ச்சில் இருந்து அக்டோபர் வரை, தென்மேற்குக் காற்றுக் காலத்தில், அலை கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வருஷக் கடைசியில் கூட்டிக் கழித்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போயிருக்கும். நாம் பார்க்கிற கடற்கரை ஒரு பொருள் இல்லை, ஒரு பாங்க் அக்கவுண்ட் மாதிரி. தெற்கில் இருந்து வரவு, வடக்கே செலவு. ரெண்டும் சமமாக இருக்கும் வரை கரை அப்படியே இருப்பது போலத் தெரியும்.

1986 முதல் 1989 வரை புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். ரெண்டு பக்கமும் கல் கொட்டிக் கடலுக்குள் நீட்டிய சுவர். தெற்கில் இருந்து வந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் கரை அகலமானது. வடக்கே வரவு நின்றது, ஆனால் செலவு நிற்கவில்லை. புதுச்சேரியின் புகழ்பெற்ற கடற்கரை கரைந்துபோய், இருந்த இடத்தில் பாறாங்கல் கொட்டினார்கள். கல் கொட்டினால் அந்த இடம் தப்பிக்கும், பசி அடுத்த ஊருக்குப் போகும். அடுத்த ஊரிலும் கல். இப்படியே வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டி மாநில எல்லையைக் கடந்து தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று நம்ம மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

இதை முன்கூட்டியே தெரியாமல் கட்டினார்கள் என்று சொல்ல முடியாது. தெற்கே சேரும் மணலைக் குழாய் வைத்து உறிஞ்சி வடக்கே கொட்டும் ஏற்பாடு அந்தத் திட்டத்திலேயே இருந்தது. படிவரிசையில் ரெண்டாவது படி, 'குறை' என்பது. காகிதத்தில் சரியான தீர்வு. ஆனால் அது சுவர் மாதிரி ஒரு தடவை கட்டி முடிக்கிற வேலை இல்லை. வருஷா வருஷம் பம்ப் ஓடணும், டீசல் வேணும், ஆள் வேணும். அது தேவையான அளவுக்கு ஒழுங்காக நடக்கவில்லை. சுவர் இருக்கிறது, பம்ப் இல்லை.

இதில் ஈட்டுக் கணக்கை வைத்துப் பாருங்க. நன்மை கிடைத்தது ஒரு யூனியன் பிரதேசத்தின் துறைமுகத்துக்கு. கரை போனது பக்கத்து மாநிலத்தின் மீனவக் கிராமத்துக்கு. எந்த அனுமதிக் கோப்பில் பொம்மையார்பாளையம் என்ற பெயர் வந்திருக்கும்? போனது வெறும் மணலும் இல்லை. கரைவலை இழுக்க நீண்ட மணல்கரை வேணும். ஃபைபர் படகை ஏற்றி வைக்க இடம் வேணும், வலை உலர்த்த வேணும், மீன் காய வைக்க வேணும். பங்குனி ஆமை ஏறி முட்டையிடவும் அதே மணல்தான். கரை போனால் இத்தனையும் சேர்ந்து போகும், இதில் ஒன்றுக்குக்கூடத் தனியாக விலை கிடையாது. வீடு இடிந்தால் நிவாரணம் வரும். கரைவலை இழுக்க முடியாமல் போனதற்கு எந்தப் படிவமும் இல்லை.

பிறகு புதுச்சேரியில் ஒரு நல்ல முயற்சி நடந்தது, அதையும் சொல்லணும். தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், 2018-19 வாக்கில், தண்ணீருக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய இரும்புத் திட்டை இறக்கினார்கள். துறைமுகத்தில் தூர் வாரிய மணலையும் வடபக்கம் கொட்டினார்கள். காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்ப வந்தது. முப்பது வருஷம் கழித்துக் குழந்தைகள் அங்கே காலை நனைத்தார்கள். ஆனால் அதைப் பொம்மையார்பாளையத்துக்கான ஈடு என்று சொல்ல முடியுமா? அங்கே இன்றைக்கும் பேச்சு தூண்டில் வளைவு, கல் சுவர் என்றுதான் இருக்கிறது. ஒரு தூண்டில் வளைவு போட்டால் அதற்கு வடக்கே இருக்கிற குப்பத்துக்கு அதே கதை சின்ன அளவில் மறுபடி தொடங்கும்.

இப்போது வடக்கே மரக்காணத்துக்குப் போவோம். அங்கே இருப்பது கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்வார்கள். வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151.60 ஹெக்டேரை 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் வந்துவிட்டது. ஏரி உப்புக்கல்லி ஓடை வழியாக இடையன்திட்டுக் கழிமுகத்துக்குப் போய்க் கடலோடு சேர்கிறது. அலை ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும், மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் வெளியே போகும். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் அந்த வழியாக உள்ளே வந்து வளர்ந்து வெளியே போகும். பூநாரைக்கும் உள்ளானுக்கும் சாப்பாடு அந்தச் சேற்றில் இருக்கிறது.

அந்தக் கழிமுகத்தின் ரெண்டு பக்கமும், வடக்கே செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆலம்பரைக்குப்பத்திலும் தெற்கே நம்ம அழகன்குப்பத்திலும், 235 கோடி ரூபாயில் மீன்பிடித் துறைமுகங்கள் கட்ட மீன்வளத்துறை திட்டம் போட்டது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போய் வேலை நின்றது. இதில் ஒரு பக்கத்தை வில்லனாக்கி எழுத எனக்கு மனசில்லை. அழகன்குப்பம் பக்கம் ஒரு தடவை போயிருந்தபோது படகு தள்ளிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்: "முகத்துவாரம் ஒரு எடத்துல நிக்காது தம்பி. போன வருஷம் போட்டு போன எடத்துல இப்ப முழங்கால் தண்ணி." அவருக்கு நிலையான வழி வேணும், அது நியாயமான தேவை. ஆனால் முகத்துவாரத்தைக் கல் வைத்து ஒரே இடத்தில் நிறுத்தினால் அலை உள்ளே வரும் அளவு மாறும், உப்பு மாறும், வடக்கே மணல் வரவு மாறும். கழுவெளி பறவைக்கு மட்டும் இல்லை, அதே மனிதரின் இறாலுக்கும் நண்டுக்கும் அது கதவு.

அந்தக் கதவுக்கு ஈடாக எதை நடுவது? உடனே வரும் பதில் எனக்குத் தெரியும்: அலையாத்தி. இப்போது அதற்குச் சந்தைக் காரணமும் சேர்ந்திருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த பசுமைக் கடன் விதிகளில் அலையாத்திப் பாதுகாப்பும் ஒரு செயல்பாடாக இருக்கிறது. எனக்கு அலையாத்தி மேல் எந்தக் கோபமும் இல்லை, பிச்சாவரத்தில் படகில் போகாத தமிழன் உண்டா? ஆனால் அதை எங்கே நடுவது என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே அலையாத்தி நின்று அழிந்த இடத்தில், அல்லது நீரோட்டத்தைச் சரிசெய்த இடத்தில் நட்டால் வளரும். வெறும் சேற்றுப்பரப்பில் நட்டால் ரெண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, செத்துப்போகும். பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகளாகப் பெரும் பணம் செலவழித்து நட்டதை ஆராய்ந்து பிரிமவேராவும் எஸ்டெபானும் 2008இல் எழுதிய கட்டுரை, நீண்ட காலத்தில் பிழைத்தது நூற்றுக்குப் பத்து முதல் இருபது என்கிறது. இனமும் தப்பு, இடமும் தப்பு. ரெண்டு, பிழைத்துவிடும். அது இன்னும் மோசம். உள்ளான் இரை தேடுகிற திறந்த சேறு காடாகிவிடும், ஒரு வாழிடத்தைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொன்றை மூடியதாக ஆகும். கணக்கில் ரெண்டுமே 'நடப்பட்டது' என்றுதான் விழும்.

இன்னொரு வழி, இருப்பதைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பது. மும்பை கடற்கரைச் சாலைக்காக 2020இல் வொர்லி, ஹாஜி அலிப் பக்கம் இருந்த 18 பவளக் கூட்டங்களைப் பெயர்த்து வேறு கரையில் பொருத்தினார்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதற்கு அனுமதி வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் இல்லாமல் இருந்தால் 18கூட எண்ணியிருக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாறையில் பவளத்தோடு ஒட்டியிருந்த சிப்பி, நண்டு, பாசி எதுவும் அட்டவணையில் இல்லை, அதனால் வண்டியில் ஏறவில்லை.

தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் செய்ததை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. வான் தீவு முன்பு சுமார் 16 ஹெக்டேர், பிறகு சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. காலங்காலமாகப் பவளக்கல் வெட்டி எடுத்ததன் விளைவு. அந்தத் தீவைச் சுற்றி ஆயிரக்கணக்கில் செயற்கைத் திட்டுகளை இறக்கினார்கள், தீவு தப்பித்தது, திட்டுகளில் மீனும் வந்தது. இது ஈடு இல்லை, பழைய காயத்துக்கு வைத்தியம். ஆனால் வைத்தியத்தில் கிடைத்த வெற்றியைக் காட்டி, 'பார்த்தீங்களா, திரும்ப உருவாக்க முடியும், அதனால் வெட்டலாம்' என்று இன்னொரு திட்ட அறிக்கை எழுதினால் அது மோசடி. எலும்பை ஒட்ட வைக்கத் தெரியும் என்பதற்காக யாரும் காலை உடைத்துக்கொள்வதில்லை.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியில் இருந்து பெரும்பாலான புதுக் கட்டுமானங்கள் பல்லுயிரில் 10 சதவீதம் கூடுதல் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அந்த விதி தாழ்வலைக் கோட்டோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே கடலுக்கு எப்படி அளப்பது என்று 2022இல் கருத்துக் கேட்டார்கள். அளவுகோல் பிடிபடாததால்தான் கோடு அங்கே நிற்கிறது, என் பார்வையில் அது நேர்மையான இடம். அங்கேயே ஹார்ன்ஸீ மூன்று என்ற கடல் காற்றாலைக்கு 2020 கடைசியில் அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள். கிட்டிவேக் என்ற கடற்பறவை காற்றாலை இறக்கையில் அடிபடும், அதனால் அது கூடு கட்ட செயற்கைக் கட்டடம் கட்டிக் கொடுங்கள். கட்டினார்கள், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் அடுக்குமாடி மாதிரி. சாகிற பறவைக்கு ஈடாகப் பிறக்கும் பறவை. யோசனை சுவாரஸ்யமானதுதான். ஆனால் பறவை குறைவதற்குக் காரணம் கூடு இல்லாமையா, மீன் இல்லாமையா என்ற கேள்வியைக் கட்டடம் தீர்க்காது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைக்கு நிதி ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ஆகவே இந்தக் கேள்வி சீக்கிரமே நம்ம மொழியிலும் வரும்.

என் தீர்மானம் இவ்வளவுதான். தரையில் அழிவது பெரும்பாலும் ஒரு இடம். கடலில் அழிவது பெரும்பாலும் ஒரு ஓட்டம்: மணலின் ஓட்டம், அலையின் ஓட்டம், குஞ்சுகளின் ஓட்டம். இடத்துக்கு மாற்று இடம் வாங்கலாம். ஓட்டத்தை விலைக்கு வாங்கி வேறு மாவட்டத்தில் வைக்க முடியாது. அதனால் கடல் திட்டங்களில் ஈடு என்ற நாலாவது படிக்கு அநேகமாக வேலையே இல்லை. முதல் ரெண்டு படியிலேயே சண்டை முடிந்தாக வேண்டும்.

ரெண்டாவது படி என்பது எப்போதும் ஏ.எம்.சி. மாதிரி. நாங்கள் ஒரு சாஃப்ட்வேரை விற்கும்போது விலை ஒரு தடவை, பராமரிப்பு வருஷா வருஷம். பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் யாரும் பாங்க் சாஃப்ட்வேர் வாங்க மாட்டார்கள். துறைமுகத்தை மட்டும் அப்படி வாங்குகிறோம். அடிக்கல் நாட்டப் பணம் உண்டு, திறப்பு விழாவுக்கு உண்டு, இருபதாவது வருஷம் மணலை உறிஞ்சப் பணம் கிடையாது. கட்டுமானத் தொகையின் ஒரு பங்கை முதலிலேயே தனிக் கணக்கில் போட்டு, அதன் வட்டியில் பம்ப் ஓட வேண்டும், பம்ப் நின்றால் துறைமுகக் கட்டணத்தில் பிடித்தம் என்று எழுதினால் கதை மாறும். கண்காணிப்பு எல்லையும் மாவட்ட எல்லையாக இருக்கக் கூடாது. மணல் எது வரைக்கும் போகிறதோ அது வரைக்கும் இருக்க வேண்டும். அரியாங்குப்பத்தில் கட்டினால் பொம்மையார்பாளையத்தில் அளக்க வேண்டும்.

இடையன்திட்டுக்கு மறுபடி ஒரு திட்ட அறிக்கை வந்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் அதைத் தரவிறக்கி நான் மூன்று விஷயம் தேடுவேன். மணல் வரவு செலவு எத்தனை வருஷ அளவீட்டில் இருந்து எடுத்தது, ஒரு பருவமா, ரெண்டு பருவமா. முகத்துவாரம் அகலமானால் கழுவெளியில் உப்பு எவ்வளவு ஏறும் என்று மாதவாரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்களா. அப்புறம், பராமரிப்புத் தூர்வாரலுக்கு யார் தலைப்பில், எந்த வருஷம் வரைக்கும் பணம். பசுமை வளையம் அத்தியாயத்தை நீங்க வாசித்துச் சொல்லுங்க, அதை நான் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.